செட்டிநாட்டு வீடுகளை உள்ளே போய்ப் பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் போய்வந்த பலர் வீடுகளைப் பார்த்ததாகச் சொல்வார்கள். கேட்டால், பார்த்தது மதில்சுவரும் பூட்டிய கதவும்தான். இந்த வீடுகளின் அழகெல்லாம் உள்ளே இருக்கிறது. உள்ளே போகச் சில நடைமுறைகள் உண்டு.

1. மூன்று வீடு போதும்

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் காரைக்குடி ஏறக்குறைய 90 கி.மீ. காரைக்குடியில் தங்கிக்கொண்டு, காலையில் கானாடுகாத்தான் (சுமார் 15 கி.மீ.), பிற்பகலில் ஆத்தங்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே 10 கி.மீ. போலத்தான். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் காத்திருப்பிலேயே போய்விடும். ஒரு நாளுக்கு ஆட்டோ பேசிக்கொள்வதே நல்லது. உள்ளூர் ஆட்டோக்காரருக்கு இன்றைக்கு எந்த வீடு திறந்திருக்கும் என்பதும் தெரியும். ஒரே நாளில் ஏழெட்டு வீடு பார்க்கக் கிளம்பினால் நான்காவது வீட்டில் எல்லாத் தூணும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும்.

2. விலாசம் சொல்லிக் கேளுங்கள்

இங்கே கதவு எண் சொன்னால் யாருக்கும் தெரியாது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களுக்கு முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த ஒரு முன்னொட்டு உண்டு. அதற்கு 'விலாசம்' என்றே பெயர். "சி.வி.சி.டி. வீடு எங்கே?" என்று கேட்டால் டீக்கடையிலிருந்தே கை காட்டுவார்கள். போகுமுன் பார்க்க வேண்டிய வீடுகளின் விலாசத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேப்பில் குத்தியிருக்கும் புள்ளி சில சமயம் வீட்டின் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதுதான் காரணம்.

3. கதவைத் திறக்கவைப்பது

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு விடும் வீடுகள் சில உண்டு; ஆத்தங்குடி பெரிய வீடு அப்படிப்பட்டது. அங்கே சிக்கலே இல்லை. மற்ற வீடுகளில் காவலாளிதான் எல்லாம்.

அவர் ஏன் தயங்குகிறார் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே சொந்தக்காரர் கிடையாது. மகன்கள், பேரன்கள் என்று பல புள்ளிகளுக்கு (திருமணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி) அதில் பங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே தனி அறை, தனிப் பூட்டு. அவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். ஏதாவது ஒன்று காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் காவலாளி ஒருவர்தான்.

ஆகவே "வீட்டைச் சுத்திப் பார்க்கணும்" என்று கேட்காதீர்கள். "அண்ணே, முகப்பும் வளவும் மட்டும் பார்த்துட்டு வந்துடுறோம், அறைப் பக்கம் போகமாட்டோம்" என்று கேளுங்கள். (முகப்பு வீட்டின் முன்பகுதி; வளவு அதை அடுத்த முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்.) எல்லையை நீங்களே சொல்லிவிட்டால் அவருக்குப் பயம் தெளியும். பணத்தை முதலிலேயே நீட்டுவது தவறு. வெளியே வரும்போது கொடுங்கள். சில்லறையாக ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் கையில் இருக்கட்டும். நாலு பேருக்கு மேல் கும்பலாகப் போனால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்.

நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டுக்குள். மதியம் சாப்பாட்டுக்குப் போனவர் நாலு மணிக்குத்தான் திரும்புவார்.

இன்னொன்று: தினசரி காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இவை காட்சிக்கு வைத்த வீடுகள் அல்ல. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) போன்ற விசேஷங்களுக்குக் குடும்பம் மொத்தமும் இங்கேதான் வந்து கூடுகிறது. அன்று உள்ளே போகக் கேட்பதே முறையல்ல. மார்கழியில் கல்யாணம் கிடையாது, வெயிலும் இதமாக இருக்கும். அதனால் அதுவே சிறந்த மாதம். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பொங்கலை அடுத்த செவ்வாயன்று நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். அந்த வாரமும் வீடுகளில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

4. வீட்டை எப்படிப் பார்ப்பது

நிலைக்கதவுக்கு நேராக நின்றுகொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு (கட்டு என்றால் வீட்டின் ஒரு பகுதி), அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரியும். இதைப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறவர்களே அதிகம். முகப்பு ஆண்களும் விருந்தாளிகளும் உட்காரும் இடம். பெரிய தூண், தேக்கு, பளிங்கு எல்லாம் இங்கேதான். பர்மாவில் கொண்டுவிற்ற (வட்டிக்கடையும் வணிகமும் நடத்திய) காலத்துச் செல்வம் கண்ணுக்குத் தெரிவதும் இங்கேதான். உள்ளே போகப்போக ஆடம்பரம் குறைந்துகொண்டே வரும். அடுப்படிக் கட்டில் ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணறும்தான் மிஞ்சும். அந்தக் கட்டையும் பார்க்க முடிந்தால்தான் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது பிடிபடும்.

வளவில் அண்ணாந்து பாருங்கள். நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். வறண்ட சீமை என்பதால் மழைத் தண்ணீர் வீணாகாதபடி அந்தக் கூரை வழியே முற்றத்தில் இறங்கும்; மூலையில் கிடாரம் (பெரிய பாத்திரம்) வைத்துப் பிடித்தார்கள்.

சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் காலத்திலும் சில்லென்று, கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த பூச்சு அது. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த வீடுகளில் இந்தக் குளிர்ச்சி போய்விட்டது. பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செருப்பை வாசலிலேயே விடவேண்டும். உச்சிவேளையில் முற்றத்துக் கருங்கல் கால் வைக்க விடாது, அதனால் பருத்திச் சாக்ஸ் கொண்டுபோங்கள். மொபைலில் படமெடுக்கும்போது திரையில் முற்றத்து வெளிச்சத்தைத் தொட்டு ஒளி அளவு வைத்தால் தூண்கள் இருண்டுவிடும். திரையில் தூணைத் தொட்டு அளவு வையுங்கள். பிளாஷ் வேண்டாம். மேல்சுவர் ஓவியங்களைப் பார்க்கச் சின்ன டார்ச் போதும்.

5. ஆத்தங்குடிக் கல்

வீட்டைப் பார்த்த கையோடு தரைக்கல் செய்கிற பட்டறைக்கும் போய்விடுங்கள். கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தகடு அச்சை இறக்கி, சிமெண்டில் கரைத்த வண்ணத்தைக் கட்டம் கட்டமாகக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த மணல்–சிமெண்ட் தூவல், அதற்குமேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவேண்டும். சூளையே கிடையாது, பளபளப்பு முழுவதும் கண்ணாடியிலிருந்து வருகிறது. வாங்குவதாக இருந்தால் வண்டியில் படுக்கவைத்து அடுக்காதீர்கள், விரிசல் விடும். நிறுத்திவைத்து இடையில் வைக்கோல் திணிக்கச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை

கானாடுகாத்தான் அரண்மனையும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. வாசலில் நின்று வற்புறுத்தாதீர்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகிறீர்களா? திண்ணைப் படிகள் உயரம், கைப்பிடி இருக்காது. அவர்களுக்கு ஹோட்டலாக மாற்றிய பழைய வீடுகளே வசதி. கடியாபட்டி சிதம்பர விலாஸ், கானாடுகாத்தான் விசாலம் போன்றவற்றில் முதல் நாளே போன் செய்து மதியச் சாப்பாடு சொல்லிவிட்டால், சாப்பிட்டு முடித்து வளவிலேயே நிதானமாக உட்கார்ந்திருக்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. இடித்த வீடுகளின் நிலைகளும் தூண்களும் எனாமல் தூக்குகளும் அங்கே அடுக்கிக் கிடக்கும். முழு வீடுகளைப் பார்த்து முடித்த பிறகு அங்கே போங்கள். எந்தத் துண்டு எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று அப்போது உங்களுக்கே அடையாளம் தெரியும்.