கிணற்று நீர்த் தரவைத் திறந்த தரவாக வெளியிடுவது எப்படி?

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ படிப்பவர் இறுதியாண்டு ஆய்வுக்காக ஐம்பது கிணறுகளில் நீர் எடுத்து, புளோரைட்டும் மின்கடத்துதிறனும் அளக்கிறார். ஆய்வறிக்கை நூலகத்துக்குப் போகும், அளவீடுகள் மடிகணினியோடு போய்விடும். அடுத்து வருபவர் அதே கிணற்றை அளந்தாலும் ஒப்பிடப் பழைய எண் இல்லை. அந்த எண்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட ஒரு நாள் போதும். எக்செல் தெரிந்திருந்தால் சரி.

முதலில் ஓர்க்கிட் எண் ஒன்றை எடுங்கள், அது ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண். 16 இலக்கம், இலவசம். அதைக் கொண்டே செனோடோ என்ற இணையத்தளத்துக்குள் நுழையலாம். செனோடோ, ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வுகூடம் 2013 முதல் நடத்தும் ஆய்வுத் தரவுக் களஞ்சியம். ஒரு பதிவில் 50 ஜிகாபைட் வரை ஏற்றலாம். கூகுள் டிரைவ் இணைப்பைக் கட்டுரையில் கொடுக்காதீர்கள். கணக்கு மூடப்பட்டால் தரவும் போய்விடும்.

அடுத்து அட்டவணை. ஒரு நிரைக்கு ஒரு மாதிரி, ஒரு நிரலுக்கு ஒரு அளவு. இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுங்கள். நிறம் தீட்டிக் குறித்தவற்றைச் சொல்லாக எழுதுங்கள், வெளியிடப்போகும் சீஎஸ்வி கோப்பில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் உரைக் கோப்பு) நிறம் நிற்காது. 03/04/2024 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று யாருக்கும் தெரியாது, ஆகவே 2024-04-03 என எழுதுங்கள். கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்த புளோரைட்டை 0 என்று போடவே கூடாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்து நிரலில் 'கண்டறி எல்லைக்குக் கீழ்' என எழுதுங்கள். 0 போட்டால் சராசரி பொய்யாகக் குறையும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. ஊர்ப் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. சீஎஸ்வி எழுத்துருவைச் சேமிக்காது, எனவே ஊர்ப் பெயர்கள் பொருளற்ற ஆங்கிலமாகிவிடும். இன்னும் மோசம், பாமினியில் 'இ' காற்புள்ளி விசையில் இருக்கிறது, மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில். காற்புள்ளியைக் கண்டவுடன் வெட்டும் எளிய நிரல்மொழிக் கட்டளை 'இரணைமடு'வை இரண்டு நிரலாக்கிவிடும், அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். தமிழ் நிரல்களை மட்டும் பிரதியெடுத்து யூனிகோட் மாற்றியில் போடுங்கள். முழுத் தாளையும் போட்டால் ஆங்கிலத்தில் எழுதிய அலகுகளும் தமிழ்க் குப்பையாகும்.

சேமிக்கும்போது எக்செலில் வெறும் 'சீஎஸ்வி' அல்ல, 'சீஎஸ்வி யூடிஎஃப்-8' (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்னதில் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும், மீட்க வழியில்லை. நாங்கள் பரிந்துரைப்பது எக்செலுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸ். திறக்கும்போதே எந்தக் குறியீட்டு முறை என்று கேட்கும், தவறு உடனே கண்ணில் படும்.

ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் என இரு விதமாகவும் எழுதுகிறார்கள், கணினிக்கு அவை இரண்டு ஊர். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என மூன்று நிரல் வையுங்கள். அமைவிட எண்களைத் தசமத்தில் எழுதுங்கள். வன்னிக்கு அகலாங்கு 9ஐ ஒட்டியும் நெட்டாங்கு 80ஐ ஒட்டியும் வரும். இரண்டையும் மாற்றிப்போட்டால் கிணறு ஆர்க்டிக் கடலில் நிற்கும்.

வீட்டுக் கிணறானால் உரிமையாளரின் பெயரை நீக்குங்கள். அமைவிடத்தை இரண்டு தசம இடத்துக்குக் குறையுங்கள், அது ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர் துல்லியம். சிறுநீரக நோய் விவரம் ஒரு நிரலாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீர் எடுக்கப் போகும் அன்றே, அளவீடு பொதுவில் வெளிவரும் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதே நேர்மை. முடிவை அந்த வீட்டாருக்கும் சொல்லுங்கள், குடிப்பது அவர்கள்.

விளக்கக் கோப்பைச் சாதாரண உரையாக எழுதுங்கள். ஒவ்வொரு நிரலின் பொருள், அலகு (லீற்றருக்கு மில்லிகிராம் என்பதுபோல்), கருவி, மாதிரி எடுத்தது மாரிக்கு முன்னா பின்னா, இவை கட்டாயம்.

உரிமம் கிரியேட்டிவ் கொமன்ஸ் பை 4.0, அதாவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். வணிகத் தடை உள்ள உரிமத்தைத் தவிருங்கள். குழாய்க்கிணறு தோண்டுபவரும் இந்த எண்களைப் பார்த்துத் தோண்டினால் நல்லதுதானே.

முதலில் செனோடோவின் ஒத்திகைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே கிடைக்கும் டிஓஐ (பதிவுக்கு வழங்கப்படும் நிலையான அடையாள எண்) உண்மையானது அல்ல, கட்டுரையில் போட வேண்டாம். பிறகு உண்மைத் தளத்தில் டிஓஐயை முன்பதிவு செய்து, விளக்கக் கோப்பில் எழுதி, அதன்பின் வெளியிடுங்கள்.

பின்சேர்க்கை: வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால் புதிய பதிவு தொடங்காதீர்கள், 'புதிய பதிப்பு' பொத்தானை அழுத்துங்கள். செனோடோ ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐயும், எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக இன்னொன்றும் தரும். கட்டுரையில் நீங்கள் கணக்கிடப் பயன்படுத்திய பதிப்பின் டிஓஐயையே கொடுங்கள்.