சாளை ஓடும் காலத்தில் கேனட் பறவையைக் காண்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே கடலோர ஊர்களில் வாழும் நம்மவர்களுக்கு ஆனியும் ஆடியும் வந்தால், ஒருபுறம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் வேலையும் மறுபுறம் வாளியோடு சாளை மீன் வாங்கக் கரைக்கு ஓடும் வேலையும் சேர்ந்தே வந்துவிடும். கரைவலை இழுபடும் இடத்தில் எல்லாருடைய கண்ணும் மணலில் துள்ளும் மீனின்மேல் இருப்பதால், அந்த மீனை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டுக் கடலின்மேல் வட்டமிடும் பெரிய வெள்ளைப் பறவையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. கேப் கேனட் என்னும் அந்தப் பறவை உலகில் ஆறே தீவுகளில்தான் கூடு கட்டுகிறது. அவற்றுள் மூன்று நமீபியாவிலும் மூன்று தென்னாப்பிரிக்காவிலும் உள்ளன. அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ள இதைப் பார்க்கக் டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாண மக்கள் செலவழிக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு காலைப்பொழுது மட்டுமே.

மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை வரை, கரையோர நீர் ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும்போது, சாளைக் கூட்டங்கள் தெற்கிலிருந்து நம் கரையை ஒட்டி ஏறிவருகின்றன. ஈஸ்டர்ன் கேப்பில் உள்ள அல்கோவா விரிகுடாவின் பறவைத் தீவில் குஞ்சு வளர்த்து முடித்த கேனட்டுகளும் அவற்றைப் பின்தொடர்கின்றன. மீன் வருமா என்பதை நாட்காட்டி பார்த்துச் சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் அது கரையை அண்டாமலே ஆழ்கடலோடு போய்விடும். ஆகவே, குவாசுலு-நட்டால் சுறா வாரியம் விமானத்திலிருந்து பார்த்து வெளியிடும் செய்திகளில் மீன் எந்த ஊருக்கு நேரே இருக்கிறது என்பதோடு, பறவைகள் எங்கே திரண்டிருக்கின்றன என்பதையும் கவனித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. போர்ட் ஷெப்ஸ்டோன், ஹிபர்டீன், ஸ்காட்பர்க், உம்கோமாஸ் ஆகிய ஊர்களில் மணற்கரையைவிடச் சற்று உயரமான பாறை முகடோ கலங்கரை விளக்கத்தருகே உள்ள மேடோ சிறந்த இடமாகும், ஏனெனில் கீழே நின்றால் அலையின் முதுகு பாதிக் காட்சியை மறைத்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி பயன்படாது. நம் கடல் கிழக்கே இருப்பதால், விடியற்காலையில் நேர் எதிரே பார்த்தால் வெள்ளைப் பறவைகூட ஒளியின் கூச்சத்தில் கரும்புள்ளியாகத்தான் தெரியும். குளிர்காலத்தில் சூரியன் வடவானில் சாய்ந்தே செல்வதால், தெற்கு நோக்கி அமர்ந்தால் அது முதுகுப்பக்கம் இருக்கும். பறவையின் மஞ்சள் தலை கூடத் தெளிவாகும். காற்று எழுவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் காலை எட்டரை மணி முதல் பத்தரை மணி வரையிலான நேரத்தையே நான் விரும்புகிறேன். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்குமேல் பெரிதாக்கினால் கைநடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

கடற்காக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையும், விரித்தால் 170 சென்டிமீட்டரைத் தாண்டும் சிறகுகளும் உள்ள இப்பறவை, அலகும் வாலும் இருபுறமும் கூர்ந்து, நடுவில் சுருட்டு போலப் பருத்த உடலோடு பறக்கும். சிறகின் ஓரங்களும் வாலும் கறுப்பு. தலையும் கழுத்தும் பொன்மஞ்சள். தொண்டையின் நடுவே மை தீட்டியது போன்ற நீண்ட கோடு. உடல் முழுவதும் பழுப்பாகப் புள்ளியிட்டு இருப்பவை இளம்பறவைகள்.

இனி, மீனைப் பிடிக்க இப்பறவை கடலுக்குள் பாயும் பாய்ச்சல். திரளை மொத்தமாகப் பார்ப்பவருக்கு ஆரவாரம் மட்டுமே மிஞ்சும். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து, அது விழும் வரை கண்ணை எடுக்காமல் தொடர வேண்டும் என்பதே நான் சொல்லக்கூடிய முதன்மையான யோசனை. காற்றை எதிர்த்து மெல்ல மிதந்துகொண்டிருக்கும் பறவை திடீரெனத் தலையைக் கீழே சாய்க்கும்; அதுதான் அறிகுறி. சிறகுகளைப் பாதி மடக்கி, இறங்கும்போதே இலக்கைத் திருத்திக்கொண்டு, நீரைத் தொடும் நொடியில் அவற்றை உடலுக்குப் பின்னால் முழுவதும் நீட்டி ஈட்டியாகிவிடும். மீன் ஆழத்தில் இருந்தால் முப்பது மீட்டர் வரை உயரத்திலிருந்து செங்குத்தாகவும், மேல்மட்டத்தில் இருந்தால் தாழ்வாகச் சாய்ந்தும் பாயும். ஆகவே பறவை பாயும் விதமே மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டிக்கொடுக்கும். இத்தனை வேகத்தில் மோதியும் அதற்குக் காயம் படாததற்குக் காரணம், முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் உள்ள காற்றுப் பைகள் மெத்தை போல அதிர்ச்சியைத் தாங்குவதுதான். வெளிப்புற மூக்குத்துளைகள் இல்லாததால் நீர் உள்ளே பீறிட வழியில்லை. மூச்சு வாயோரத்தின் வழியாகவே நடக்கிறது. இரு கண்களும் முன்னோக்கிச் சேர்ந்து பார்ப்பதால் தூரத்தை அளக்கும் திறனும் உண்டு. சில நொடிகளில் தக்கை போல மேலே எழும் பறவையின் அலகில் மீன் இல்லையே என்று பரிதாபப்பட வேண்டாம், பல நேரங்களில் அதை நீருக்குள்ளேயே விழுங்கிவிட்டிருக்கும். புகைப்படக் கருவியை முதல் ஒரு மணி நேரம் பையிலேயே வைத்திருங்கள் என்று நான் சொன்னால் என் மருமகன் சிரிக்கிறான். ஆனால் அவன் எடுத்த படங்களில் இருப்பவை பெரும்பாலும் நீர்த்தெறிப்புகளே.

படகில் போக விரும்புபவர்கள், உரிமம் பெற்ற படகோட்டிகளோடு மட்டுமே போக வேண்டும். மீன் திரளைச் சுற்றி ஓங்கில்களும் (டால்பின்) சுறாக்களும் திமிங்கலங்களும் சேர்ந்திருக்கும் என்பதால், அனுமதியில்லாத படகு திமிங்கலத்திற்கு 300 மீட்டருக்குள் செல்வது சட்டப்படி குற்றமாகும். சாளை வரும் நாட்களில், குளிப்பவர்களைக் காக்கக் கடலில் கட்டியுள்ள சுறா வலைகள் எடுக்கப்பட்டுக் குளிப்பதும் தடைசெய்யப்படும். கரையில் நிற்பவர்களும் முழங்கால் நீரோடு நின்றுகொள்வது நல்லது. கரையில் சோர்ந்து கிடக்கும் பறவையைக் கண்டால் வெறுங்கையால் தூக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் பரவியுள்ள இனம் இது, அதோடு அந்த அலகு நேரே கண்ணைக் குறிவைக்கும். தள்ளி நின்று, அருகிலுள்ள வனவிலங்கு மீட்பு மையத்திற்குச் சொல்லிவிட வேண்டும்.

பாய்ச்சலைப் பார்த்தவர்கள் ஒருமுறையாவது கேப் பக்கம் போக நேர்ந்தால், கேப் டவுனிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள லாம்பர்ட்ஸ் பே ஊரையும் சேர்த்துக்கொள்ளட்டும். அங்கும் அதே பெயரில் உள்ள இன்னொரு பறவைத் தீவை 1959-இல் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் கரையோடு இணைத்துவிட்டதால், படகில்லாமல் நடந்தே போகலாம். அல்கோவா விரிகுடாவில்தான் இவ்வினத்தின் மிகப் பெரிய கூட்டம் வாழ்கிறது என்றாலும் அங்கே சாதாரணப் பயணிகள் இறங்க முடியாது. 2005-06 இனப்பெருக்கப் பருவத்தில் கடல்நாய்கள் (சீல்) தாக்கியதால் லாம்பர்ட்ஸ் பே கூட்டம் முழுவதும் கூடுகளைக் கைவிட்டுப் போனது. பிறகு பறவைப் பொம்மைகளை நட்டுவைத்துத்தான் அவற்றைத் திரும்ப அழைத்தார்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சென்றால் முட்டையையும் குஞ்சையும் காணலாம். எச்சத்தாலான மேட்டில் இடும் ஒற்றை முட்டையைக் கேனட் வயிற்றால் அல்ல, பச்சைநீலக் கோடு ஓடும் சவ்வுப் பாதங்களால் அணைத்து அடைகாக்கும். தொப்பி தேவை, நாற்றத்திற்கும் மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். தடுப்பைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால் கலையும் கூடுகளின்மேல் கடற்காக்கைகள் இறங்கிவிடும். பார்வை மறைவிடத்தில் அமர்ந்து, இணைகள் அலகோடு அலகு உரசிக் கொள்வதைப் பார்த்த பிறகு, கூட்டத்தின் ஓரத்தில் வெற்றிடமாக உள்ள ஓடுபாதையைத் தேடிக் கண்ணை அங்கே வைத்திருங்கள். புறப்படும் பறவை முதலில் அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி, அண்டை வீட்டாரின் கொத்துகளுக்கு நடுவே தள்ளாடி நடந்து, அந்த இடத்தை அடைந்ததும் காற்றை எதிர்த்து ஓடத் தொடங்கும்.