119ஆம் தனிமத்தின் இயல்பைத் தாளில் கணிப்பது எப்படி?

தனிம வரிசை அட்டவணையின் ஏழாம் வரிசை, 118ஆம் தனிமமான ஒகனெசானோடு நிறைந்துவிட்டது. அடுத்த தனிமத்துக்காக ஜப்பானின் ரிக்கன் ஆய்வகம் கியூரியத்தின் மீது வனேடியம் அணுக்கருக்களை மோதவிட்டு முயன்று வருகிறது. அது கிடைக்கும் முன்பே அதன் இயல்பை, வரைபடத்தாளும் கால்குலேட்டரும் வைத்திருக்கும் பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஓரளவு கணித்துவிடலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்க வரும் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறை இது.

தற்காலிகப் பெயர் எளிது: ஒன்றுக்கு 'உன்', ஒன்பதுக்கு 'என்', இறுதியில் 'இயம்' சேர்த்தால் உனுனென்னியம். அதன் கடைசி எலக்ட்ரான் எட்டாம் கூட்டின் எஸ் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதியில்) அமர்வதால், இடம் முதல் தொகுதியில், ஃபிரான்சியத்துக்குக் கீழே.

இனி அத்தொகுதியின் அயனியாக்கும் ஆற்றல்களை, அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்களை, எலக்ட்ரான் வோல்ட்டில் குறியுங்கள்: லித்தியம் 5.39, சோடியம் 5.14, பொட்டாசியம் 4.34, ருபிடியம் 4.18, சீசியம் 3.89. கோட்டை அப்படியே கீழே நீட்டத்தான் கை போகும்; பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஃபிரான்சியத்தின் மதிப்பு 4.07, கோடு அங்கேயே மேல்நோக்கித் திரும்பிவிட்டது.

திரும்பியதன் காரணத்தைக் கணக்கிட்டே உணரலாம். அணு எண்ணை 137ஆல் வகுத்தால், மிக உள்ளிருக்கும் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்பது தோராயமாகக் கிடைக்கும். அதன் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால், அந்த எலக்ட்ரானின் சுற்றுப்பாதை எவ்வளவாகச் சுருங்குகிறது என்பது தெரியும். சீசியத்துக்கு 0.92, ஃபிரான்சியத்துக்கு 0.77, 119க்கு ஏறத்தாழ 0.50, அதாவது பாதியாகிவிடுகிறது! வெளிக்கூட்டின் எஸ் எலக்ட்ரானும் அணுக்கருவின் அருகே ஊடுருவிச் செல்வதால் அதுவும் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பாதி என்ற அளவை வெளிக்கூட்டுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

ஆகவே கோட்டை மேல்நோக்கி வளையுங்கள். கணினியில் செய்யப்பட்ட விரிவான கணக்கீடுகளும் 119இன் அயனியாக்கும் ஆற்றல் பொட்டாசியத்தினுடையதைத் தாண்டும் என்றே காட்டுகின்றன. எனவே, தொகுதியின் அடியில் இருந்தும், அது சீசியத்தைவிட வினைத்திறன் குறைந்த உலோகமாக இருக்கும் என எழுதலாம்.

இம்முறையை 113 முதல் 118 வரையிலான தனிமங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் கடைசி எலக்ட்ரான்கள் பி ஆர்பிட்டாலில் உள்ளன. அந்த ஆர்பிட்டால் சார்பியல் விளைவால் (எலக்ட்ரான் ஒளிவேகத்தை நெருங்குவதால் வரும் மாற்றத்தால்) இரண்டாகப் பிளந்து, ஒரு பகுதி சுருங்க மறுபகுதி விரிகிறது. மந்த வாயுத் தொகுதியில் நிற்கும் ஒகனெசான் அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கலாம் என்ற கணிப்பு இதனால்தான் எழுந்தது. குறிப்பேட்டில் இத்தகைய மதிப்புகளை எப்போதும் பென்சிலில் எழுதி, பக்கத்தில் 'கணிப்பு' என்று குறித்துவையுங்கள்.