வாளி உரத்தில் நாற்றம்: நான் சரிசெய்த விதம்

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, அபாயகரமானது என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிப்பது எளிது. மக்குவதை மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளியில் போட்டு உரமாக்க இறங்கியபோதுதான் தலைவலி. நாற்றம் கீழ்வீட்டு மாமி வரைக்கும் போய்விட்டது.

காரணம் ஈரம். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது காற்றுப் போகும் இடைவெளியை அடைத்துவிட்டால் அழுகல்தான் நடக்கும், மக்குதல் நடக்காது. கார்பனும் நைட்ரஜனும் சுமார் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன்தான் தூக்கலாக இருக்கும்.

கம்பியைக் காய்ச்சி வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளை போட்டேன். அப்புறம், கழிவு ஒரு கை போட்டால் மேலே அதே அளவு, கார்பன் மிகுந்த தென்னை நார்த்தூள். நர்சரியில் கட்டியாகக் கிடைக்கும். ஊறவைத்து உதிர்த்தால் நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள். காய்ந்த சருகு இருந்தால் அதுவே போதும், காசும் மிச்சம்.

உள்ளே இருப்பதை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் நார்த்தூள் வேண்டும். வாரம் ஓரிரு முறை கிளறிவிட்டேன், நாற்றம் அடங்கி மண்வாசனை வந்தது.

தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் பதற வேண்டாம். அவை பெரும்பாலும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று வேலையைச் சுருக்குகின்றன. மீன் கழிவும் எலும்பும் மட்டும் நான் போடுவதில்லை, பூனைத் தொல்லை தாங்காது.