சாம்பல் மூட்டம் எப்போதும் கப்பலை முந்திய கதை

நான் நடத்தும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு) ஆட்டத்தில் மூன்று செஷன், அதாவது மூன்று அமர்வு, வீணாய்ப் போனது. கடல்மேல் பரவும் மந்திரச் சாம்பல் மூட்டம் ஒரு நாளில் வரைபடத்தில் 3 அறுகோணக் கட்டம் நகரும் என்று வைத்திருந்தேன். கட்டம் ஒன்றுக்கு 6 மைல். எந்தத் தீவுக்குக் கிளம்பினாலும் கப்பல் வழியிலேயே மூட்டத்தில் சிக்கிக்கொண்டது.

முதலில் மூட்டத்தின் வேகத்தைக் குறைத்தேன். ஆட்டக்காரர்கள் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு சாதகக் காற்று கொடுத்தேன். வரைபடத்தின் ஓரத்துக்கே ஓடிவிட்டார்கள். மூட்டத்துக்குள் ஒரு கடல் அரக்கனை இறக்கியதெல்லாம் சொல்லவே லாயக்கில்லை.

கடைசியில் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 விதிகளில் பாய்மரக் கப்பலின் வேகம் மணிக்கு 2 மைல். நான் அதை 8 மணி நேரத்தால் பெருக்கி நாளுக்கு 16 மைல் என்று எழுதியிருந்தேன்; மூட்டமோ 18 மைல் போகும். 8 மணி நேரம் என்பது நடந்து போகிறவர்களுக்கான கணக்கு! மாலுமிகள் முறை வைத்துச் சுக்கான் பிடித்தால் கப்பல் இரவிலும் ஓடும்: நாளுக்கு 48 மைல், அதாவது 8 கட்டம்.

மூட்டத்தைப் பழையபடி 3 கட்டத்துக்கே கொண்டுவந்தேன். இப்போது 2 கட்டம் பின்னால் மூட்டம், 16 கட்டம் தள்ளித் தீவு என்றால், 2 நாளில் போய்ச் சேர்ந்து கரையில் 4 நாள் தங்கலாம். போன செஷனில் அந்த 4 நாளைப் பங்கு போடவே ஒரு மணி நேரம் சண்டை.