பருத்திக்கொட்டை விஷயத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

பினாங்கில் கெகாபு காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் போதும், "எங்கள் தாமானில் பருத்தி மரம்" என்று யாராவது படம் போட்டுவிடுகிறார்கள். அது இலவம், பழமொழியில் கிளி காத்திருந்த அதே மரம். பருத்தியில் பஞ்சு விதைத்தோலிலிருந்தே வளர்கிறது. இலவத்தில் காயின் உட்சுவரிலிருந்து வருகிறது, அதனால்தான் தட்டினாலே கொட்டை உதிர்ந்துவிடுகிறது. இரண்டும் செம்பருத்திக் குடும்பம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். பருத்திக்குக் கிட்டத்து உறவு நம் பூவரசு.

அப்புறம், பருத்தி என்றால் ஒரே செடி என்று நினைப்பது. பயிராகும் இனங்கள் நான்கு. ஆர்போரியம், ஹெர்பேசியம் என்ற பழைய உலக இனங்களுக்குக் குரோமோசோம் 26. அமெரிக்காவிலிருந்து வந்த ஹிர்சூட்டம், பார்படென்ஸ் இரண்டுக்கும் 52, ஏனென்றால் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க, ஆசியப் பருத்திகளின் உறவான ஒன்று அமெரிக்கக் காட்டுப் பருத்தியோடு கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுசாக ஒரே செடியில் சேர்ந்துகொண்டன. 26-ஐயும் 52-ஐயும் மகரந்தம் மாற்றிக் கலந்தால் 39 வரும், அந்தச் செடி பெரும்பாலும் மலடாகவே நிற்கும்.

கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், வெளிர்மஞ்சள் பருப்பில் குண்டூசி முனை அளவுக்குக் கரும்புள்ளிகள் தெரியும். காசிபால் என்ற நச்சு அதற்குள்தான் இருக்கிறது, பூச்சிகளை விரட்டச் செடி செய்துகொள்வது. இதில் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு, ஒன்று மற்றதைவிடக் கடுமையானது. அந்தக் கடுமையானது ஹிர்சூட்டத்தைவிடப் பார்படென்ஸில்தான் பொதுவாக அதிகம். காசிபாலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்கச் சீனாவில் 1970-களில் சோதித்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு விந்து உற்பத்தி திரும்பவே இல்லை.

"மாடு தின்கிறதே, கோழிக்கும் போடலாம்" என்பது ரொம்பப் பழைய தப்பு. வளர்ந்த மாட்டின் அசைபோடும் வயிறு காசிபாலில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும் (அதற்கும் ஓர் அளவு உண்டு), கன்றுக்குட்டிக்கும் பன்றிக்கும் அந்த வசதி இல்லை. கோழி தின்றால், எடுத்து வைத்த முட்டையின் மஞ்சள்கரு பாசிநிறமாகும், காசிபால் அதிலுள்ள இரும்போடு சேர்வதால். வெள்ளைக்கரு ரோஸ் நிறமானால் அது வேறு வேலை, கொட்டையின் எண்ணெயில் இருக்கும் சைக்ளோபுரோப்பீன் கொழுப்பமிலங்கள் செய்வது.

கொட்டையை அரைத்துப் பிழியும் பருத்திப்பால் குடிக்கலாமா என்றால், நன்றாகக் காய்ச்சி எப்போதாவது குடிப்பது வேறு, மூலிகை என்று பச்சைக்கொட்டையைப் பொடித்துத் தினமும் விழுங்குவது வேறு. கொதிக்கவைத்தால் காசிபாலில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், முழுக்கப் போய்விடாது. விதைப்புக்கென்று விற்கும், சாயம் பூசின கொட்டையை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்: அதில் இருப்பது பூஞ்சைக்கொல்லி, எத்தனை தண்ணீரில் அலசினாலும் அடுப்புக்கு ஆகாது.