பர்சரி கொடுத்து மாணவத் தலைவர்களை வளர்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய அறக்கட்டளையின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிதாகத் தொடங்கியவர்கள். பல்கலைக்கழகம் போகிற ஆறு பிள்ளைகளுக்குப் பர்சரி, அதாவது படிப்பு உதவித்தொகை கொடுத்து, அவர்களை நாளைய தலைவர்களாக வளர்த்தெடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுத்த ஆண்டுத் திட்டத்தைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அறக்கட்டளையில் நாங்கள் செய்த தவறுகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. கணக்கை ஒழுங்காக எழுதுங்கள், சான்றிதழைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நன்றாகப் பேசுகிறவரைத் தலைவர் என்று நினைப்பது

இருபது நிமிட நேர்காணலில் வாய் உள்ள பிள்ளைதான் ஜெயிக்கும். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன ஒரு பையனை நாங்கள் கழித்துவிட்டோம். அவன்தான் மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தைத் திறந்து, பெருக்கி, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது நேர்காணலில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: "நீ ஒரு வாரம் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?"

அரசாங்க வரம்பை அப்படியே எடுத்துக்கொள்வது

குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசாங்க மாணவர் நிதித் திட்டத்தின் பர்சரிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். கையிலிருந்து கட்டவும் வசதி இருக்காது. 'மிஸ்ஸிங் மிடில்' (நடுவில் விடுபட்டவர்கள்) என்று எல்லோரும் சொல்வது இந்த வீடுகளைத்தான். அம்மா நர்ஸ், அப்பா டிரைவர் என்று ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. புதிய அறக்கட்டளைகள் அதே வருமான வரம்பைத் தங்கள் விண்ணப்பத்திலும் போட்டு, இந்தப் பிள்ளைகளை இரண்டாவது முறையும் வெளியே நிறுத்துகின்றன.

பணம்

மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு முடிவு வருவது ஜனவரியில். பதிவுக்குப் பணம் கேட்பதும் அப்போதே. மார்ச்சில் கொடுக்காதீர்கள்.

நன்றி சொல்ல மேடை ஏற்றுவது

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆறவில்லை. அந்தப் புதியவர்களின் திட்டத்திலும் இதுதான் முதலில் இருந்தது: ஏப்ரலில் நன்கொடையாளர் விருந்து, மாணவர்களின் நன்றியுரை.

எங்கள் இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பார்மசி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படி மேடை ஏற்றினோம். அவள் அம்மா வேலை பார்த்த தையல் ஃபேக்டரி மூடிவிட்டது. "வீட்டு நிலைமையைச் சொல்லம்மா, கேட்கிறவர்கள் மனம் இளகும்" என்று சொன்னது நான்தான். நான்கு நிமிடம் பேசினாள். வாடகை பாக்கி, அம்மா அடகு வைத்த வளையல், எல்லாம் சொன்னாள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் நான்கடி நீள அட்டைக் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்தோம். அது கார் டிக்கிக்குள் போகவில்லை. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் கூட்டங்களுக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மூன்றாவது மாதம் நேரில் போய்ப் பார்த்தேன். அம்மா டீ கொடுத்தார். அந்த அட்டை பீரோவுக்குப் பின்னால், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவள் சொன்னாள்: "அங்கிள், அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். அம்மா இப்போது கோயிலுக்கே போவதில்லை."

அந்தப் பெண்ணுக்கு நல்ல நிதானம், தோழிகள் யோசனை கேட்டு வருகிற பிள்ளை. நாங்கள் தேடியதே அப்படி ஒருத்தியைத்தான். ஒரே ராத்திரியில் இழந்தோம். படிப்பை முடித்தாள், எங்களிடம் திரும்பி வரவில்லை.

வேறு ஒரு பையன், எங்கள் அறக்கட்டளைக் குழுவில் ஏன் மாணவர் ஒருவரும் இல்லை என்று கேட்டான். "வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிறாய், பார்த்துப் பேசு" என்றார் ஒரு பெரியவர். பணம் வைத்திருப்பவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்று அவன் அன்றைக்குப் படித்துக்கொண்டான். நாளைக்கு மாணவர் பேரவையில் உட்கார்ந்து நிதியைக் கையாளும்போது அவனும் கேள்வி கேட்டவனை அப்படித்தான் அடக்குவான். பிறகு எத்தனை தலைமைப் பயிற்சி முகாம் நடத்தி அதை மாற்றப்போகிறோம்?

நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி. டர்பனில், நிறவெறி ஆட்சியை எதிர்த்த கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தில் முன்னால் நின்ற இளைஞர் சாத்ஸ் கூப்பர். அதற்காக ராபன் தீவில் சிறை இருந்தார். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைவதற்கு முன்னால், அதன் துணைவேந்தராக இருந்தவரும் அவர்தான். கேள்வி கேட்டே வளர்ந்தவர். நாங்கள் அன்றைக்கு நடத்திய நேர்காணலுக்கு அப்படி ஒரு பிள்ளை வந்திருந்தால் 'அடங்காதவன்' என்று எழுதிக் கழித்திருப்போம்.

இப்போது எங்களிடம் நன்றியுரை இல்லை, படம் இல்லை. கொடுத்தவர்களுக்கு வருடத்தில் இரண்டு கடிதம் போகும்: எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் தேறினார்கள், பணம் எதற்குச் செலவானது. பெயர் இருக்காது. குழுவில் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வாக்கு உண்டு. பிள்ளைக்கு வழிகாட்டுகிறவர் காசோலையில் கையெழுத்துப் போடக்கூடாது. கையெழுத்துப் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளையும் 'பெயிலாகிவிடுவேன் போலிருக்கிறது' என்று சொல்லாது. இதனால் இரண்டு நன்கொடையாளர்கள் விலகினார்கள். சரி, போகட்டும் என்று விட்டோம்.

நம் பிள்ளைகளோடு மட்டும் பழகவிடுவது

சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்திலேயே ஜூலு பேசுகிற மக்கள் வாழும் உம்லாசி. நாம் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஜூலு பேசத் தெரியாமல் யாருக்குத் தலைவராவது? குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014-இலிருந்து புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்களுக்கு ஜூலு பாடத்தைக் கட்டாயமாக்கியது. நம் பிள்ளைகள் அதைத் தேர்ச்சி மதிப்பெண்ணோடு தலைமுழுக விடாதீர்கள்.

முதல் ஆண்டிலேயே பதவி

வேண்டாம்.

முடிவு வந்த பிறகு கூப்பிடுவது

அரையாண்டுப் பரீட்சை ஜூனில். மே மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பாடம் இழுக்கிறது என்று கேளுங்கள். ஜூலையில் கூப்பிட்டால் போன் எடுக்கமாட்டார்கள்.